பியர்டட் டிராகன் ஸ்டார்ட்டர் கிட்: குட்டி சீறுவதற்குப் பாதிக் காரணம் இந்தப் பெட்டிதான்

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் செல்லப்பிராணிக் கடைக்குப் போய் ஒரு பியர்டட் டிராகன் (தாடியுள்ள ஆஸ்திரேலியப் பல்லி) குட்டி கேட்டால், கூடவே ஒரு ஸ்டார்ட்டர் கிட்டையும் தலையில் கட்டிவிடுவார்கள். லேபிள் எதுவானாலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான்: 30 அங்குல நீளமும் 12 அங்குல உயரமும் உள்ள 20 கேலன் கண்ணாடித் தொட்டி, மேலே வலைமூடி, இரண்டு கிண்ண விளக்குகள், புற ஊதாக் கதிர் தரும் சுருள் வடிவ யூ.வி.பி. பல்பு ஒன்று, இரவுக்கு ஒரு சிவப்பு பல்பு, கண்ணாடியில் ஒட்டும் முள் தெர்மாமீட்டர், ஒரு பை மணல், ஒரு டப்பா உலர் தீனி.

வாங்கிய சில வாரங்களில் வரும் புகாரும் ஒன்றுதான். குட்டி தாடியைக் கருப்பாக்கி வாயைப் பிளக்கிறது, சீறுகிறது, கையை நீட்டினால் கடிக்க வருகிறது. குணம் கெட்ட குட்டி என்று முடிவுகட்டும் முன் கிட்டில் உள்ள ஒவ்வொரு பொருளையும் எடுத்துப் பார்ப்போம். எதை வைத்துக்கொள்ளலாம், எதைத் தூக்கிப் போடலாம் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

முதலில் வலைமூடி. இந்தத் தொட்டிக்குள் கை போக இருக்கும் ஒரே வழி மேலிருந்துதான். பியர்டட் டிராகனின் உச்சந்தலையில் ஒரு செதிலுக்கு அடியில் மூன்றாவது கண் ஒன்று உண்டு. அதற்கு உருவம் தெரியாது. வெளிச்சமும் நிழலும் தெரியும். ஆஸ்திரேலிய உள்நாட்டு வறண்ட வெளிகளில் மேலிருந்து விழும் நிழல் என்றால் பருந்துதான். பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் நீளக் குட்டியின் தலைக்கு மேல் ஐந்து விரல் இறங்கினால் அது சீறாமல் என்ன செய்யும்? முன்பக்கம் கதவு திறக்கும் கூண்டில் கை பக்கவாட்டில், தரையோடு தரையாக வரும். இந்த ஒரு மாற்றத்திலேயே பல குட்டிகள் அடங்கிவிடுகின்றன. உடனே கூண்டு மாற்ற வசதியில்லை என்றால் தொட்டியை இடுப்பு உயரத்துக்கும் மேலான மேசையில் வையுங்கள். கையை மேலிருந்து நேராக விடாமல், குட்டி பார்த்துக்கொண்டிருக்கும்போதே தூர மூலையில் இறக்கி, தரையோடு நகர்த்திக் கொண்டுவாருங்கள்.

அடுத்து வெப்பம். கிட்டின் மிகப் பெரிய ஓட்டை இதுதான். குட்டி விளக்கின் கீழ் வெயில் காயும் மேடையின் மேற்பரப்பு 40 முதல் 43 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், எதிர்மூலை 24 முதல் 27. முப்பது அங்குலத் தொட்டிக்குள் இவ்வளவு வித்தியாசம் நிற்காது. விளக்கைப் பெரிதாக்கினால் குளிர்ந்த மூலையும் 32-ஐத் தாண்டும். சிறிதாக்கினால் மேடை 34-ஐத் தாண்டாது. ஒட்டும் முள் தெர்மாமீட்டரோ கண்ணாடிச் சுவர் ஓரத்துக் காற்றைத்தான் காட்டும். மேடைக்கும் அதற்கும் பத்து டிகிரி வித்தியாசம் சர்வசாதாரணம். அதில் முள் பச்சைக் கோட்டில் நிற்பதைப் பார்த்து எல்லாம் சரி என்று நினைத்துக்கொள்வோம்.

இதற்கும் கடிப்பதற்கும் என்ன சம்பந்தம்? ஹெர்ட்ஸ், ஹியூயி, நெவோ மூவரும் 1982-இல் வெளியிட்ட ஆய்வு அகாமா பல்லிகளைப் பற்றியது. உடல் சூடாக இருந்தால் அவை ஓடித் தப்பின. குளிர்ந்திருந்தால் நின்ற இடத்திலேயே வாயைப் பிளந்து எதிர்த்தன. குளிர்ந்த தசையால் வேகமாக ஓட முடியாது, எனவே மிரட்டுவதுதான் வழி. பியர்டட் டிராகனும் அதே அகாமிடே குடும்பம். நம் வேலியோர ஓணானும் அந்தக் குடும்பம்தான். காலையில் விளக்குப் போட்டுப் பத்து நிமிடத்தில் குட்டியைத் தூக்கப் போனால் சீறலைத்தான் வாங்கிக்கொள்வீர்கள். மேடை சரியான சூட்டில் இருந்து, ஒன்றரை மணி நேரமாவது காய்ந்த பிறகு அதே குட்டி வேறு மாதிரி இருக்கும்.

முள் தெர்மாமீட்டரை எறிந்துவிட்டு ஓர் இன்ஃப்ராரெட் வெப்பமானி வாங்குங்கள். சமையலுக்கு விற்கும் சாதாரணத் துப்பாக்கி வகையே போதும். அதை மேடையின் கல்லில், குட்டியின் முதுகு இருக்கும் இடத்தில் பிடித்துப் பாருங்கள். விளக்கை டிம்மிங் தெர்மோஸ்டாட்டோடு (சூட்டுக்கு ஏற்ப விளக்கை மங்கவைத்தும் கூட்டியும் சரிசெய்யும் கருவி) இணையுங்கள். அணைத்து அணைத்துப் போடும் மலிவு வகை வெளிச்சத்தையும் சேர்த்து அணைப்பதால் பகல் முழுக்கக் கூண்டில் மின்னல் அடிப்பது போலாகிவிடும்.

சூடு அதிகமானாலும் வாய் திறக்கும் என்பதால் இங்கே குழப்பம் வருகிறது. வெப்பத்தை வெளியேற்றத் திறக்கும்போது உடல் அசையாது, தாடி வெளிறியே இருக்கும், கண் சாந்தமாக இருக்கும். மிரட்டத் திறக்கும்போது உடலைத் தட்டையாக்கி உங்கள் பக்கம் சாய்க்கும், தாடி கருத்துப் புடைக்கும், தொண்டையிலிருந்து காற்றுச் சத்தம் வரும். காலையில் எழுந்ததும் கருக்காமல் தாடியை மட்டும் ஒருமுறை விரித்து மூடினால் அது சோம்பல் முறிப்பு. ஒரு முன்கையைத் தூக்கி மெதுவாக வட்டமாகச் சுழற்றுவதை ஹலோ சொல்கிறது என்று வீடியோ எடுத்துப் போடுகிறார்கள். "நான் சின்னவன், விட்டுவிடு" என்ற பணிவுதான் அது. தினமும் பல தடவை செய்தால், எதையோ கண்டு பயந்துகொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

பெரும்பாலும் அது பயப்படுவது தன் பிம்பத்தைப் பார்த்துத்தான். நான்கு பக்கமும் கண்ணாடி, உள்ளே பிரகாசமான விளக்கு, வெளியே அறை இருட்டு: மாலையில் இந்தத் தொட்டியின் சுவர்கள் முகம் பார்க்கும் நான்கு கண்ணாடிகளாகிவிடும். குட்டிக்கு, எங்கே திரும்பினாலும் எதிரே ஒரு டிராகன். தலையாட்டுவது, தாடி கருப்பது, கண்ணாடியில் முன்கால்களை ஊன்றி மணிக்கணக்கில் பிராண்டுவது எல்லாம் இதனால் வரலாம். பின்புறமும் இரு பக்கங்களும் வெளியிலிருந்து பழுப்பு நிற அட்டையால் மூடுங்கள். அறை விளக்கும் எரியட்டும். செலவே இல்லாத வைத்தியம், இரண்டு மூன்று நாளில் பலன் தெரியும்.

இப்போது யூ.வி.பி. கிட்டில் வரும் சுருள் பல்பின் கதிர் சில அங்குலத்துக்கு மேல் வலுவாகப் போவதில்லை. வலை அதிலும் மூன்றில் ஒரு பங்கையாவது தடுத்துவிடும். யூ.வி.பி. போதாத குட்டிக்கு எலும்பு மெலியும், மூட்டு வலிக்கும். வலிக்கும் மிருகம் தொட்டால் கடிக்கும். மாற்றாக நாங்கள் சிபாரிசு செய்வது நீளக் குழல் விளக்குகள் இரண்டைத்தான்: ஆர்க்கேடியா ப்ரோ டி5 12 சதவீதம், ஜூ மெட் ரெப்டிசன் 10.0 டி5 எச்.ஓ. இரண்டுமே நல்லவை. ஆர்க்கேடியா பிரதிபலிப்பானோடு ஒரே தொகுப்பாக வருவதால் பொருத்துவது எளிது. ரெப்டிசன் அமெரிக்கக் கடைகளில் எளிதாகக் கிடைக்கும். குழலை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும். வெளிச்சம் அப்படியே இருந்தாலும் கதிர் குறைந்திருக்கும்.

ஆனால் ஒன்று: இந்தக் குழல்களைக் கிட் தொட்டியின் வலைமேல் அப்படியே வைத்துவிடாதீர்கள். 12 சதவீதக் குழலுக்கு வலை இருந்தால் முதுகிலிருந்து சுமார் 30 சென்டிமீட்டரும், வலை இல்லாவிட்டால் 40-ஐ ஒட்டியும் இடைவெளி வேண்டும். தொட்டியின் மொத்த உயரமே 30 சென்டிமீட்டர்தான். மேடைமேல் ஏறும் குட்டிக்கு விளக்கு 15 சென்டிமீட்டரில் இருக்கும். கண் கூசி, இமை மூடி, தலையைத் தாழ்த்தி நிற்கும் குட்டி கை வருவதைச் சரியாகப் பார்க்காமல் திடுக்கிட்டுக் கடிக்கும். பலவீனமான பல்பிலிருந்து நல்ல பல்புக்கு மாறிய பின் குணம் மோசமாகிவிட்டது என்றால் முதலில் இடைவெளியை அளந்து பாருங்கள். சரியாகத் தெரிய வேண்டுமானால் சோலார்மீட்டர் 6.5 என்ற கருவி இருக்கிறது. மேடையில் யூ.வி. குறியீடு 3 முதல் 5-க்குள் காட்டினால் போதும். 200 டாலருக்கு மேல் விலை என்பதால் ஒற்றை டிராகனுக்காக வாங்குவது வீண். ஊர்வன வளர்ப்போர் சங்கங்களில் இரவல் கேட்டுப் பாருங்கள்.

சிவப்பு பல்பை எறிந்துவிடலாம். சிவப்பு வெளிச்சம் டிராகனுக்கு நன்றாகவே தெரியும், தூக்கம் கெடும். இரவில் அறை 18 டிகிரிக்குக் கீழே போகாவிட்டால் எந்த விளக்கும் வேண்டாம். மணலும் குட்டிக்கு ஆகாது, இரையோடு சேர்த்து விழுங்கும். சொரசொரப்பான தரை ஓடு ஒன்றைப் போடுங்கள், நகமும் தேயும்.

உலர் தீனி டப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குட்டிக்கு உணவு என்றால் அசைவது. அசையாத உருண்டைகளைப் பல குட்டிகள் திரும்பிக்கூடப் பார்க்காது. பசியோடு கிடக்கும் குட்டிக்கு அந்தத் தொட்டிக்குள் அசையும் ஒரே பொருள் உங்கள் விரல். கோபத்தில் கடிப்பதற்கும் இரை என்று கடிப்பதற்கும் வித்தியாசம் தெரியும்: இரைக் கடியில் தாடி கருக்காது, சீறல் இருக்காது, நாக்கு முதலில் நீளும். மருந்து எளிது. ஐந்து மாதம் வரை நாளுக்கு இரண்டு அல்லது மூன்று வேளை, ஒவ்வொரு வேளையும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தின்னும் அளவு சுவர்க்கோழியோ டூபியா கரப்பானோ கொடுங்கள். பூச்சியின் அளவு குட்டியின் இரு கண்களுக்கும் இடையிலான தூரத்தைத் தாண்டக் கூடாது. மேலே பாஸ்பரஸ் இல்லாத கால்சியம் பொடி தூவுங்கள். பொடியாக நறுக்கிய கீரையை எப்போதும் ஒரு தட்டில் வையுங்கள். விரலால் ஊட்டாதீர்கள், முனை மழுங்கிய இடுக்கி போதும். பூச்சிப் பெட்டியைத் தொட்ட கையோடு குட்டியைத் தூக்கவும் கூடாது. மிஞ்சிய சுவர்க்கோழிகளை விளக்கணைக்கும் முன் பொறுக்கிவிடுங்கள். இரவில் அவை குட்டியின் தோலைக் கடிக்கும், காலையில் குட்டி அந்தக் கோபத்தை உங்கள்மேல் காட்டும்.

சில கடைகள் "துணைக்கு இன்னொன்று" என்று இரண்டு குட்டிகளை இதே கிட்டில் வைத்து அனுப்புகின்றன. இதற்கு நட்சத்திரமே கிடையாது. ஒன்று மேடையைப் பிடித்துக்கொள்ளும், மற்றது குளிரில் கிடந்து சோம்பும். ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் படுத்திருப்பது பாசம் இல்லை, சூட்டைக் கைப்பற்றுவது. பிறகு கால் விரலும் வால்நுனியும் போகும். நம் வீட்டுப் பல்லிக்குப் போல இதற்கு வால் திரும்ப முளைக்காது. அன்றே பிரித்துவிடுங்கள், ஒன்றை ஒன்று பார்க்க முடியாதபடி வையுங்கள்.

பெட்டியைச் சரிசெய்தபின் கைப்பழக்கம். முதல் வாரம் தீனி, தண்ணீர், சுத்தம் தவிர எதற்கும் கை உள்ளே போக வேண்டாம். இரண்டாம் வாரம், நன்றாக வெயில் காய்ந்தபின், தினமும் ஒரே நேரத்தில், கையைத் தரையில் மல்லாத்தி ஐந்து நிமிடம் அப்படியே வைத்திருங்கள். சீறினால் கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். இழுத்தால், சீறினால் கை போய்விடும் என்று அது கற்றுக்கொள்ளும். முன்னேயும் போகாமல் அசையாமல் நின்று, தாடி தளர்ந்தபின் மெல்ல எடுங்கள். அடுத்த கட்டமாக விரலால் தாடைக்குக் கீழே பக்கவாட்டில் தொடுங்கள். பின்பு உள்ளங்கையை மார்புக்கு அடியில் நுழைத்து, நான்கு காலும் தாங்கலில் இருக்கும்படி தூக்குங்கள். முதலில் ஐந்து நிமிடம், போகப்போகப் பதினைந்து. தோல் உரியும் வாரத்தில் தண்ணீர் தெளிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உரிந்து தொங்குவதைப் பிய்த்தால் அதுவரை சம்பாதித்த நம்பிக்கை அத்தனையும் போய்விடும். தடித்த தோல் கையுறை வேண்டாம். அழுத்தம் தெரியாமல் இறுக்கிவிடுவோம்.

கடித்துப் பிடித்துக்கொண்டால் விரலை உருவாதீர்கள். பக்கவாட்டுப் பற்கள் தாடை விளிம்போடு ஒட்டியவை, போனால் முளைக்காது. கையைத் தரையில் இறக்கி வைத்தால் தானே விடும். சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஊர்வனவற்றிடம் சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமி சாதாரணம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தொடவிடாதீர்கள்.

எட்டு மாதத்துக்கு மேல் திடீரென்று தலையை வேகமாக ஆட்டித் தாடியைக் கருப்பாக்கும் ஆண் என்றால் பருவம் வந்திருக்கிறது. கோடையில் தொண்டை சிவந்து வேலிமேல் தலையாட்டும் ஓணானைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. சில வாரத்தில் தணியும். கண்ணாடி பிம்பத்தை மறைத்து, கைப்பழக்கத்தை விடாமல் தொடர்ந்தால் போதும்.

எல்லாம் சரிசெய்து மூன்று வாரமாகியும் குறையாவிட்டால், அல்லது சீறலோடு எடைக் குறைவு, கால் நடுக்கம், நாற்றமடிக்கும் இளகிய மலம் சேர்ந்தால், ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். அன்றைய மலத்தை மூடியுள்ள சிறு டப்பாவில் போட்டுக் குளிர்ச்சியாக வைத்துக் கொண்டுபோங்கள். குட்டிகளில் காக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணியும் ஊசிப்புழுவும் பரவலாகக் காணப்படுபவை, காய்ந்துபோன மலத்தில் சரியாகத் தெரியாது. விளக்குகளின் பெயர், இடைவெளி, மேடையின் வெப்பம் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.

கிட்டை வாங்கலாமா? ஐந்தில் ஒரு நட்சத்திரம், அதுவும் கிண்ண விளக்குகளுக்காக. அதே பணத்தில் பழைய 120 × 60 × 60 சென்டிமீட்டர் முன்கதவுக் கூண்டு ஒன்றை இரண்டாம் கையாக வாங்கலாம். வளர்ந்தபின்னும் அதுவே ஆகும், குட்டிக்கு ஒரு பாதியைத் தடுத்து வைக்கும் தேவையும் இல்லை, ஒளிந்துகொள்ள இரண்டு மூன்று இடம் வைத்தால் சரி. கூண்டு பழையதாக இருக்கலாம், யூ.வி.பி. குழலை மட்டும் புதிதாக வாங்குங்கள். ஏற்கெனவே கிட் வாங்கிவிட்டவர்கள் தொட்டியைச் சுவர்க்கோழி வளர்க்க வைத்துக்கொள்ளலாம், அந்த வேலைக்கு நன்றாகவே பொருந்துகிறது.