மோட்டார் சத்தத்தை நம்பி பழைய போலராய்ட் வாங்காதீர்கள்

எடுத்த படத்தை உடனே வெளியே தள்ளும் பழைய போலராய்ட் எஸ்எக்ஸ்-70 கேமராவைத் தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் அனுப்புங்கள். "ஷட்டர் சர்வீஸ் செய்தது, ஃபிலிம் போட்டுப் பார்த்தது" என்று சொல்லி ஒருவர் ஆன்லைனில் எனக்கு விற்றார். ஷட்டர் என்பது படமெடுக்கும்போது திறந்து ஒளியை உள்ளே விட்டு மூடும் பாகம். ஆதாரமாக ஒரு வீடியோ. ஃபிலிம் பேக்கைச் செருகி மூடியதும், ஃபிலிமில் வெளிச்சம் படாமல் மறைக்கும் கறுப்பு அட்டை விர்ரென்று வெளியே வருகிறது, அவ்வளவுதான். பேட்டரி இந்தக் கேமராவில் கிடையாது, ஃபிலிம் பேக்குக்குள் இருக்கிறது. அட்டை வந்தால் அந்த பேட்டரியும் மோட்டாரும் வேலை செய்கின்றன என்று மட்டும்தான் அர்த்தம். ஷட்டர் எப்படி இருக்கிறது என்று அதை வைத்துச் சொல்லவே முடியாது.

முதல் பேக்கின் 8 படங்களும் கன்னங்கரேலென்று வந்தன. கேட்டால், "ஃபிலிம் பழசா இருக்கும் சார்." பேக்கில் இருந்த தேதியைப் படமெடுத்து அனுப்பிய பிறகு, சரி அனுப்புங்க, ஷட்டரையே மாற்றித் தருகிறேன் என்றார். பாகத்துக்கென்று தனியாகப் பணமும் வாங்கிக்கொண்டார்.

திரும்பி வந்தது கொஞ்ச நாள் ஒழுங்காக ஓடியது. அப்புறம் படங்கள் வெளுக்கத் தொடங்கின. வெயிலில் எடுத்தவை வெறும் வெள்ளைத் தாள். இந்த முறை, "600 ஃபிலிம் போட்டிருப்பீங்க" என்றார். 600 என்பது வேறு போலராய்ட் கேமராக்களுக்கான ஃபிலிம். அதன் ஐஎஸ்ஓ, அதாவது ஒளியை உணரும் திறன், 640, எஸ்எக்ஸ்-70 ஃபிலிமுக்குச் சுமார் 160. மாற்றிப் போட்டால் வெளுக்கும்தான். நான் போட்டதோ சரியான பேக். அதற்குப் பிறகு பதிலே இல்லை.

வேறொரு மெக்கானிக் என் முன்னாலேயே பிரித்தார். புது ஷட்டரா? திறந்து மூடும் தகடுகளான அதே பழைய பிளேடுகள், மேலே எண்ணெய் மினுக்கம். பிளேடு வந்து மோதும் இடத்தில் இருந்த மெத்தை போன்ற துண்டு கரைந்து தாராக ஒட்டிக்கொண்டிருந்தது. திருகுகளின் தலை வேறு தேய்ந்து கிடந்தது. பிசுக்கில் எண்ணெய் விட்டால் இளகிக் கொஞ்ச நாள் ஓடும், பிறகு பிளேடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஷட்டர் பிளேடு உலர்ந்துதான் ஓட வேண்டும். எண்ணெய் விடுகிறவருக்கு அது தெரியாமல் இருக்காது என்பது என் எண்ணம்.

வாங்கும் முன் வேறு மாதிரி வீடியோ கேளுங்கள். நல்ல வெளிச்சத்தில் பட்டனை அழுத்தினால் மோட்டார் கொஞ்சம் ஓடி, உடனே மறுபடி ஓடிப் படத்தைத் தள்ள வேண்டும். அந்த இரண்டு சத்தத்துக்கும் நடுவில்தான் ஷட்டர் திறந்திருக்கிறது. லென்ஸுக்குப் பக்கத்தில் ஒளியை அளக்கும் சின்னக் கண்ணை விரலால் மூடி அழுத்தினால் இடைவெளி நன்றாக நீள வேண்டும். நீளவில்லை என்றால் வாங்காதீர்கள். அப்படியே, எடுத்த படத்தையும் அதே வீடியோவில் காட்டச் சொல்லுங்கள்.

பணம் இன்னும் வரவில்லை. போன வாரம் அதே ஆள் இன்னொரு எஸ்எக்ஸ்-70 விற்பனைக்குப் போட்டிருக்கிறார். எனக்கு அனுப்பிய அதே வீடியோவோடு.