தக்கலைப் பக்கம் ஒரு நர்சரி: செடியோடு வெயிலையும் சொல்லிக்கொடுத்தார்கள்

வேறொரு கடையில் வாங்கிய கள்ளியை ஹாலில் டிவி பக்கத்தில் வைத்திருந்தேன், மூன்றே மாதத்தில் உச்சி வெளுத்துப் பென்சில் மாதிரி நீண்டுவிட்டது, அதைத் தூக்கிக்கொண்டுதான் இந்தச் சின்ன நர்சரிக்குப் போனேன்.

அங்கிருந்த அக்கா பார்த்ததும், "மக்களே, இது வெளிச்சம் தேடி நீண்டிருக்கு, மெலிஞ்ச இடம் இனி தடிக்காது, புதுசா வருறதத்தான் காப்பாத்தணும்" என்றார். உடனே மொட்டைமாடியில் வைத்துவிடாதீர்கள், நிழலில் இருந்த செடி திடீரென்று உச்சிவெயில் பட்டால் தோல் வெந்து பழுப்புத் தழும்பு விழும், அது போகவே போகாது என்றும் சொன்னார். முதல் வாரம் காலை 9 மணி வரை மட்டும் வெயில், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டணும். நம் குமரி மாவட்டத்தில் ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. அப்போது நனையாமல், ஆனால் வெளிச்சம் குறையாமல், கிழக்குப் பக்கத் திண்ணையில் வைக்கணுமாம்.

சிவப்புத் தலைக் கள்ளி ஒன்றும் வாங்கினேன், 150 ரூபாய். அந்தச் சிவப்பில் பச்சையமே இல்லை, கீழே ஒட்டுப்போட்ட பச்சைத் தண்டுதான் சோறு போடுகிறது, அதனால் நல்ல வெளிச்சம் வேண்டும், மதிய வெயில் கூடாது.

ஒரே குறை, பீங்கான் தொட்டிகளில் பாதிக்கு அடியில் ஓட்டை இல்லை, பார்த்து வாங்குங்கள். என் பழைய கள்ளியின் உச்சியில் இப்போது தடித்த பச்சையும் புது முள்ளும் வந்திருக்கின்றன.