ஒழுகும் குழாயும் மலிவு டெஃப்லான் டேப்பும்

சமையலறையின் அரை அங்குலப் பித்தளைக் குழாயை நானே மாற்ற எண்ணி, ஹார்டுவேர் கடையில் குழாயின் மரையில் (திருகுப் புரியில்) கசிவைத் தடுக்கச் சுற்றும் மெல்லிய நாடாவான டெஃப்லான் டேப்பில் மலிவான ஒன்றை வாங்கினேன். மூன்று முறை பூட்டியும் சுவரோரத்தில் துளி திரண்டு விழுந்துகொண்டே இருந்தது. முதல் முறை மரையின் போக்குக்கு எதிராகச் சுற்றியதால், குழாயைத் திருகத் திருக டேப் சுருண்டு பிதுங்கிவிட்டது. அது என் தவறு. இரண்டாம் முறை, குழாயின் வாய் நேராக நிற்க வேண்டுமென்று, இறுக்கியதைச் சற்றே பின்னோக்கித் திருப்பியதில் பிடிப்பு விட்டுப்போனது. மூன்றாம் முறையோ குறை முழுவதும் டேப்பினுடையதுதான்: இழுத்துச் சுற்றும்போதே நூல்நூலாகக் கிழிந்தது, மரைப்பள்ளத்தில் படியவே இல்லை. பிறகு வாங்கிய தடித்த டேப்பை மரையின் போக்கிலேயே எட்டுச் சுற்று சுற்றிப் பூட்டியதும் கசிவு நின்றது. அந்த மலிவுச் சுருளை எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். சுவருக்குள் பிளாஸ்டிக் மரை உள்ளவர்கள் நல்ல டேப்பையும் அளவோடு சுற்றி, அளவோடு இறுக்க வேண்டும், இல்லையேல் மரை விரிசல் விட்டுவிடும்.