52 என்று காட்டினால் தோண்டலாமா? எட்டு மாத டிடெக்டர் அனுபவம்

பெட்டியைப் பிரித்த வாரமே எழுதியிருந்தால் இந்த மெட்டல் டிடெக்டருக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்திருப்பேன். அப்போது மயக்கம் முழுக்க அதன் திரை மேல்தான். 0 முதல் 99 வரை எண் காட்டும். கீழே இரும்பு, நடுவில் அலுமினியத் தாளும் கேன் திறக்கும் வளையமும், மேலே செம்பும் வெள்ளியும் என்று கூட வந்த அட்டையில் படமே போட்டிருந்தார்கள். எண்ணைப் பார்த்தோமா, தோண்டினோமா என்று வேலை முடிந்துவிடும் என நினைத்தேன்.

நினைப்புதான் பிழைப்பைக் கெடுத்தது.

முதல் நாளே ஒரு பை நிறைய வளையம் கிடைத்ததில் வெறுத்துப்போய், 40 முதல் 60 வரை வரும் எதற்கும் சத்தம் எழுப்பாதே என்று கருவியில் வைத்துவிட்டேன். என்ன ஒரு அமைதி! மூன்று வாரம் ஒரே மைதானத்தை அப்படியே சலித்தேன். காசுகள் கிடைத்தன, குப்பை குறைந்தது, இடுப்பு வலியும் குறைந்தது. நாலாவது வாரம் பட்டனை எக்குத்தப்பாக அழுத்தி, வைத்ததெல்லாம் அழிந்து பழைய நிலைக்குப் போய்விட்டது. அதைக் கவனிக்காமல் கருவியைத் தரைக்கு மேல் இடவலமாக வீசிக்கொண்டே போனேன். 52. நல்ல உருண்டையான சத்தம். கூட வந்த அக்கா மகன் சலித்துக்கொண்டான்: "விடுங்க மாமா, இன்னொரு வளையம்தான்."

வளையம்தான். நாலு விரற்கடை ஆழத்தில், களிமண் அப்பிக்கொண்டு. கட்டைவிரலால் ஒரு தேய் தேய்த்ததும் மஞ்சளாக மின்னியது. கறுக்கவே இல்லை. கல் வைக்காத, மெல்லிய தங்க மோதிரம். மூன்று வாரமாக அதன் தலைக்கு மேல் எத்தனை முறை நடந்தேனோ!

கருவி மேல் கோபம் வந்தது, ஆனால் அது பொய் சொல்லவில்லை. கருவியின் அடியில் இருக்கும் கம்பிச் சுருள், அதாவது காயில் (coil), மண்ணுக்குள் காந்தப் புலத்தை அனுப்புகிறது. அங்கே கிடக்கும் உலோகத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, அது தன் பங்குக்கு ஒரு சின்னப் புலத்தைத் திருப்பித் தருகிறது. அந்தப் பதில் எவ்வளவு பிந்துகிறது என்பதை வைத்துத்தான் எண். அது என்ன உலோகம் என்பதோடு அதன் அளவு, கனம், வடிவம் எல்லாம் அந்த ஒரே எண்ணில் கலந்துவிடும். அதனால் கனமான வெள்ளிக்காசு மேலே நிற்கும். மெல்லிய மோதிரமோ கேன் வளையத்தோடு ஒரே எண்ணில் வந்து உட்காரும். சங்கிலி இன்னும் மோசம். ஒவ்வொரு கண்ணியையும் கருவி தனித்தனியாகப் பார்ப்பதால், கொக்கியோ பதக்கமோ இருந்தால்தான் குரல் கொடுக்கும்.

எண்ணை விட்டுவிட்டுச் சத்தத்தைக் கேட்கத் தொடங்கிய பிறகுதான் இந்தக் கருவியின் அருமை தெரிந்தது. சத்தத்தில் இதைக் குறை சொல்ல முடியாது. சிக்னல் வந்த இடத்தில் ஒரு முறை வீசிவிட்டு, 90 டிகிரி திரும்பி நின்று மறுபடி வீசுவேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கேட்டால் மண்வெட்டிக்கு வேலை. ஒரு பக்கம் கணீரென்று கேட்டு மறுபக்கம் செத்துவிட்டால் பெரும்பாலும் வளைந்த ஆணி. சோடா மூடி பெரிய ஏமாற்றுக்காரன், காசு போலவே எண் காட்டும். காயிலை மெதுவாக நம் பக்கம் இழுத்தால், விலகும் அந்தக் கடைசி நொடியில் இரும்பின் கரகரப்பு எட்டிப்பார்க்கும். முதலில் எனக்குப் பிடிபடவில்லை. ஹெட்போன் மாட்டியபின் பிடிபட்டது. காயிலை ஒரு முழம் உயர்த்தியும் கத்திக்கொண்டே இருந்தால் நசுங்கிய கேனோ தகரமோதான். தட்டையான பெரிய இரும்பு 80க்கு மேல் காட்டி வெள்ளி வேஷம் போடுவதும் உண்டு. அதை நம்பி முழங்கை ஆழம் தோண்டி ஒரு கோடரித் தலையை எடுத்திருக்கிறேன்.

குறை என்றால், ஆணிகள் சிதறிய இடத்தில் இது திணறுகிறது. ஓர் ஆணியின் பதிலிலிருந்து மீள்வதற்குள் பக்கத்துக் காசைத் தாண்டிவிடுகிறது. இரும்பு இப்படி மறைப்பது பழைய கதைதான். 1881ல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டின் உடம்பில் பாய்ந்த குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரகாம் பெல் ஒரு கருவியோடு போனார். மெத்தையின் எஃகுக் கம்பிகள் குழப்பிவிட்டன, குண்டு அகப்படவில்லை. பெல்லுக்கே அந்தக் கதி! அத்தகைய இடத்தில் நான் ஆமை வேகத்தில், குட்டிக் குட்டியாக வீசுகிறேன்.

ஒரு சாணுக்குக் கீழே போனால் எண் தள்ளாடுகிறது. நல்ல காசுகூட சில நேரம் இரும்பு வரிசைக்கு இறங்கிவிடுகிறது. ஆழத்தில் மெலிதாக, ஆனால் திரும்பத் திரும்பக் கேட்கும் சத்தத்தை, எண்ணைப் பார்த்து நான் ஒதுக்குவதில்லை. பொருள் கிடக்கும் சரியான இடத்தைக் காட்டும் பின்பாயிண்ட் வசதி இரண்டு விரல் தள்ளிக் காட்டுகிறது, அது பழகிவிட்டது. உப்பு ஈர மணலில் சும்மா சும்மா பிதற்றும், உணர்திறனைக் குறைத்தால்தான் அடங்கும். எடை, பேட்டரி பற்றிப் புகார் இல்லை.

மூன்றரை நட்சத்திரம். காசு மட்டும் போதும், இடுப்பு முக்கியம் என்பவர்கள் நடு எண்களை அடைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். நான் அடைப்பதில்லை. சரி, குப்பை எவ்வளவு என்கிறீர்களா? போன முறை நோட்டில் எழுதினேன்: 52க்கு அக்கம்பக்கத்தில் 31 குழி, 27 வளையம், 3 அலுமினியத் தாள் உருண்டை, ஒரு பித்தளைப் பொத்தான். எல்லாக் குழியையும் மூடிவிட்டு வந்தோம். அக்கா மகன் இப்போது இரண்டு பை கொண்டு வருகிறான். பெரியது குப்பைக்கு.