மெயினை இறக்கியும் கரண்ட் இருக்கும் வீடு: ‘முழு ரீவைரிங்’ என்று ஏமாறாதீர்கள்

பழைய வீடு வாங்கியவர்கள், தாத்தா கட்டிய வீட்டைப் புதுப்பிப்பவர்கள், அந்த வீடுகளுக்கு வேலைக்குப் போகும் எலக்ட்ரீஷியன் தம்பிகள் எல்லோருக்குமான எச்சரிக்கை இது. ‘முழு ரீவைரிங்’ என்று பேசிப் பணம் வாங்கிக்கொண்டு போர்டை மட்டும் மாற்றிவிட்டுப் போகும் வேலை ஊருக்கு ஊர் நடக்கிறது. ஏமாறுவது வீட்டுக்காரர். ஷாக் அடிப்பது அவருக்கு அடுத்து வந்து போர்டைத் திறக்கிறவனுக்கு.

பாயிண்டுக்கு (ஒரு விளக்கு, ஃபேன் அல்லது பிளக் இடத்துக்கு) இவ்வளவு என்று ரேட் பேசுவார்கள். பளபளவென்று மாடுலர் ஸ்விட்சு வரும். பழைய இரும்பு மெயினையும் பீங்கான் கிட்கேட் ஃபியூசையும் கழற்றிவிட்டு எம்சிபி (லோடு அதிகமானால் தானே விழும் ஸ்விட்ச்) வைத்த புது டிபி பாக்ஸை (லைன்கள் பிரியும் பெட்டியை) மாட்டுவார்கள். பார்த்தால் வீடே புதிதாகத் தெரியும். சுவருக்குள் ஓடுவது மட்டும் அதே பழைய ஒயர்.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. லைன் செத்திருப்பதை உறுதி செய்துகொண்டு (எப்படி என்று கீழே இருக்கிறது) ஒரு போர்டின் ஸ்க்ரூவைக் கழற்றி, பைப்பின் வாயிலிருந்து வரும் சிவப்பு ஒயரை மெதுவாக வெளியே இழுக்கச் சொல்லுங்கள். ஏமாற்று வேலை என்றால் ஒரு சாண் நீளம்தான் புது ஒயர் வரும். அதன் பின்னாலேயே கறுப்பு டேப் சுற்றிய ஒரு முண்டு வரும். முண்டுக்கு அந்தப் பக்கம் நூல் சுற்றிய ரப்பர் ஒயரோ, நிறம் மங்கிய அலுமினிய ஒயரோ இருக்கும். ரப்பரை லேசாக வளைத்தால் பொரித்த அப்பளம் மாதிரி நொறுங்கிக் கம்பி தெரியும். அலுமினியத்தோடு செம்பை வெறுமனே முறுக்கிவிட்டால் அந்த இடம் சூடாகிச் சூடாகித் தளர்ந்துபோகும், டேப் கருகும். பைப்புக்குள் ஜாயின்ட் போடவே கூடாது என்பது முதல் வருஷப் பையனுக்கும் தெரியும். தெரிந்தேதான் செய்கிறார்கள்.

பில்லிலும் பிடிக்கலாம். ஒயர் சுருளுக்குக் காயில் என்று பேர், ஒன்று வழக்கமாக 90 மீட்டர். சின்ன வீட்டில் 30 பாயிண்ட், ஒவ்வொன்றுக்கும் சராசரி 8 மீட்டர் ஓட்டம், போக ஒன்று வர ஒன்று என்று வைத்தாலே 480 மீட்டர் ஆகிறது, அதாவது ஐந்து காயிலுக்கு மேல். ஏசி, கீசர், கிரைண்டர் லைன்களும் எர்த் ஒயரும் இதில் சேராது. மூன்று காயில் வாங்கி முழு வீட்டையும் முடித்துவிட்டேன் என்று ஒருவர் சொன்னால் மீதி ஒயர் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

பணம் போனது பாதிக் கதைதான். இப்படி அரைகுறையாக விட்ட வீட்டில் எந்த ஒயர் எந்த எம்சிபியில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மெயினை இறக்கியும் கரண்ட் வருவது இதனால்தான். அதிலும் மோசமானது ‘கடன் வாங்கிய நியூட்ரல்’, அதாவது ஒரு லைனின் கரண்ட் திரும்பிப் போக இன்னொரு லைனின் நியூட்ரலை (கறுப்பு ஒயரை) பயன்படுத்துவது.

கீழ் வீட்டுக்கு ஒரு மீட்டர், மாடிக்கு ஒரு மீட்டர் இருக்கும் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மாடிப்படி விளக்குக்கு மேலும் கீழும் டூவே ஸ்விட்ச். ஃபேஸ் (கரண்ட் வரும் ஒயர்) கீழ் மீட்டரிலிருந்து வருகிறது. விளக்குப் பக்கத்தில் நியூட்ரல் இல்லை, கீழிருந்து ஒரு கறுப்பு ஒயர் இழுக்கச் சோம்பல். கைக்கு எட்டிய மாடி லைனின் கறுப்பில் முறுக்கிவிட்டுப் போய்விட்டார் யாரோ. விளக்கு எரிகிறது, வீட்டுக்காரருக்குச் சந்தோஷம். இப்போது மாடியில் வேலை. மாடி மெயினை இறக்குகிறார்கள். டபுள் போல் மெயின் என்றால் ஃபேஸும் நியூட்ரலும் இரண்டுமே அறுந்துவிடும், அதுதான் அதன் வேலை. ஆனால் படி விளக்கு ஆனில் இருக்கிறது. கீழிருந்து ஃபேஸ் ஏறி, விளக்கின் வழியாக மாடியின் நியூட்ரலுக்குள் இறங்கி, வெளியே போக வழியில்லாமல் நிற்கும். மாடியில் ஓடும் கறுப்பு ஒயர் அத்தனையும் எர்த்துக்கு 230 வோல்ட் காட்டும். மெயின் ஆனில் இருந்தபோது பூஜ்யத்தை ஒட்டி இருந்த ஒயர்கள் அவை. மெயினை இறக்கியதால்தான் அவற்றில் கரண்டே வந்தது.

மெயினை இறக்காமல் அந்த சர்க்யூட்டின் சிங்கிள் போல் எம்சிபியை மட்டும் இறக்கினால் வேறு மாதிரி ஆபத்து. நியூட்ரல் அறுபடாததால் கறுப்பு ஒயர் சாதுவாக இருக்கும், டெஸ்டரும் எரியாது. ஜங்ஷன் பாக்ஸில் கறுப்பு முறுக்கைப் பிரித்த நொடியில் படி விளக்கு அணையும், அதே நொடியில் விளக்குப் பக்க முனை 230-க்கு ஏறும். இரண்டு முனைகளும் இரண்டு கையில் இருந்தால் விட்டுப்போன நியூட்ரலின் இடத்தில் உடம்பு நிற்கும்.

ஆகவே கறுப்பு ஒயரைப் பிரிக்கும் முன் கிளாம்ப் மீட்டர் (ஒயரைக் கவ்வி அதில் ஓடும் கரண்டை அளப்பது) போட்டுப் பாருங்கள். 9 வாட் எல்இடி ஒன்று மட்டும் எரிந்தால் 40 மில்லி ஆம்பியர் அளவில்தான் ஓடும், விலை குறைந்த மீட்டரில் அது தெரியாமலே போகும். கீழே எல்லா விளக்கையும் ஃபேனையும் போட்டுவிட்டு அளக்க வேண்டும். ஒரு சீலிங் ஃபேன் 75 வாட், அதாவது 0.3 ஆம்பியருக்குப் பக்கம். அது தெரியும். எம்சிபி இறங்கிய சர்க்யூட்டின் கறுப்பில் துளி கரண்ட் காட்டினாலும் அது கடன் வாங்கிய நியூட்ரல்தான்.

30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (போன கரண்டும் திரும்பிய கரண்டும் சமமாக இல்லையென்றால் விழும் ஸ்விட்ச்) இதையும் பிடித்துவிடும். மாடிக்கு ஒன்று கீழுக்கு ஒன்று போட்டால், படி விளக்கை ஆன் செய்ததும் ட்ரிப் ஆகும். அரைகுறை ஆள் அப்போது சொல்வது என்ன தெரியுமா? “சார், இந்த ஆர்சிசிபி ரொம்ப சென்சிட்டிவ், உங்க வீட்டுக்கு ஒத்து வராது.” சொல்லிவிட்டு ஆர்சிசிபியை விலக்கி டைரக்ட் கொடுத்துவிடுவார். உங்கள் டிபியில் ஆர்சிசிபி இருந்தால் அதன் டெஸ்ட் பட்டனை இன்றைக்கே அமுக்கிப் பாருங்கள். விழவில்லை என்றால் பழுதாகியிருக்கும், இல்லையென்றால் சப்ளையே போகாமல் அலங்காரத்துக்கு உட்கார்ந்திருக்கும். பட்டனை அமுக்கி விழுந்தாலும் இன்வெர்ட்டரில் இல்லாத லைட் எரிந்துகொண்டிருந்தால் பைபாஸ் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அடுத்தது இன்வெர்ட்டர். மெயினை இறக்கியதும் அது விழித்துக்கொள்ளும். ‘லைட்டு எரியுதே, மெயின் இறங்கலையோ’ என்று தோன்றினால் நல்ல காலம், ஆபத்து எரியாத பாயிண்டில்தான். முன் ஸ்விட்சை மட்டும் அணைத்தால் போதாது, மெயின் ஆனில் இருக்கும்வரை பல இன்வெர்ட்டர்கள் ஈபி கரண்டை அப்படியே உள்ளே அனுப்பிக்கொண்டிருக்கும். முதலில் மெயின், பிறகு முன் ஸ்விட்ச், பிறகு மூன்று முள் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குவது, இந்த வரிசையில் செய்யுங்கள்.

மோட்டார் லைனை மெயினின் மேல் முனையிலேயே மாட்டியிருப்பதும் உண்டு. எம்சிபி அடிக்கடி விழுகிறது, தண்ணீர் ஏற்ற முடியவில்லை என்று வீட்டுக்காரர் புலம்பியிருப்பார், அதற்கு இதுதான் ‘தீர்வு’. மெயினின் மேல் முனை எப்போதும் உயிரோடுதான் இருக்கும், அதிலிருந்து கிளம்பும் எதுவும் எந்தக் கைப்பிடிக்கும் அடங்காது. அதை நிறுத்த வேண்டுமானால் மீட்டருக்கு முன்னால் இருக்கும் ஃபியூசை மின்வாரிய ஊழியர் வந்து பிடுங்க வேண்டும், நாமாகத் தொடக்கூடாது. பழைய இரும்பு மெயினில் இன்னொரு வினை: ஸ்பிரிங் தளர்ந்து கைப்பிடி கீழே வந்திருக்கும், உள்ளே ஒரு பிளேடு கழறாமல் அப்படியே சொருகியிருக்கும். த்ரீ ஃபேஸ் வீட்டில் ஒரே போர்டில் விளக்கு ஒரு ஃபேஸ், ஏசி பாயிண்ட் இன்னொரு ஃபேஸ் என்று இருந்தால் இரண்டுக்கும் நடுவே 400 வோல்ட் அளவில் இருக்கும். எர்த்துக்கான பச்சை ஒயரை ஸ்விட்ச் ரிட்டனாக (ஸ்விட்சிலிருந்து விளக்குக்குக் கரண்ட் போகும் ஒயராக) ஓட்டிய வீடுகளைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றுமில்லை, நிறத்தை நம்பாதீர்கள்.

டெஸ்டர் எரியவில்லை, அதனால் லைன் இல்லை என்று முடிவு கட்டுவது பெரிய தப்பு. ரப்பர் செருப்போடு மர ஏணியில் நின்றால் நியான் மங்கலாகத்தான் எரியும், வெயிலில் கண்ணுக்கே தெரியாது. டெஸ்ட் லேம்ப்பை ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் பிடிப்பதும் போதாது. நியூட்ரல் அறுந்த போர்டில், ஒரு ஸ்விட்ச் ஆனில் இருந்தாலே இரண்டு ஒயரும் 230-இல் நிற்கும். நடுவே வித்தியாசம் பூஜ்யம் என்பதால் பல்பு எரியாது. மல்டிமீட்டரில் மூன்று அளவும் எடுங்கள்: ஃபேஸ்–நியூட்ரல், ஃபேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த். மூன்றும் பூஜ்யமாக இருக்க வேண்டும். முதலில் உயிருள்ள ஒரு பாயிண்டில் மீட்டரைச் சோதித்து, பிறகு வேலை செய்யும் இடத்தில் அளந்து, மறுபடி அந்த உயிருள்ள பாயிண்டுக்கே போய்ச் சோதியுங்கள். நடுவில் மீட்டரின் ஒயரே அறுந்துபோயிருக்கலாம். எர்த்தையும் நம்ப வேண்டாம். கரியும் உப்பும் போட்டுப் பல வருஷம் தண்ணீர் ஊற்றாத குழி என்றால் எர்த்துக்கு எடுக்கும் அளவு பொய் சொல்லும். மெயின் ஆனில் இருக்கும்போது ஃபேஸ்–எர்த் 230-ஐ ஒட்டி வருகிறதா என்று முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அப்படி வந்தாலும் குழி நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது, மீட்டருக்கு அது போதும் என்றுதான் அர்த்தம். ஃபியூஸ் கேரியர் இருக்கும் வீடு என்றால் பிடுங்கியதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஏணி ஏறுங்கள். பக்கத்தில் வைத்தால் வீட்டில் ஒருவர் ‘கரண்ட் இல்லையே’ என்று திரும்பச் சொருகிவிடுவார்.

வீட்டுக்காரர்களுக்கு: வேலையை மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் தகுதிச் சான்று வைத்திருப்பவரிடம் கொடுங்கள். கடைசித் தவணையைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று காரியம் கேளுங்கள். உங்கள் விருப்பப்படி நான்கு போர்டுகளையும் ஒரு ஃபேன் பாக்ஸையும் உங்கள் கண் முன்னால் திறந்து ஒயரை இழுத்துக் காட்ட வேண்டும். டிவி, ஃபிரிட்ஜ், எல்இடி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு 500 வோல்ட் மெகர் (ஒயரின் இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) போட்டு ஒவ்வொரு சர்க்யூட்டும் 1 மெகா ஓமுக்குக் குறையவில்லை என்று எழுதித் தர வேண்டும். புது ஒயரில் அது இதைவிடப் பல மடங்கு வரும், ஒன்றை ஒட்டி வந்தாலே உள்ளே பழைய ஒயர் கிடக்கிறது என்று சந்தேகப்படுங்கள். டிபி மூடியின் உட்புறம் எந்த எம்சிபி எந்த அறை என்று எழுதி ஒட்ட வேண்டும். ஒட்டியதும் ஒவ்வொன்றாக இறக்கி வீடு முழுக்க நடந்து பாருங்கள், மாடிப்படி விளக்கை ஆன் செய்துவிட்டு.