பேத்திக்கு வாங்கிய கார் சீட்

பின்பக்க ஆரஞ்சு லேபிளில் ஐ.நா.வின் ஆர்129 (குழந்தைகளின் கார் சீட்டுக்கான பாதுகாப்பு விதி) என்று இருந்ததால்தான் இதை எடுத்தேன். அந்த விதியில் பக்கவாட்டு மோதல் சோதனையும் உண்டு. 15 மாதம் தாண்டும்வரை குழந்தை பின்னோக்கித்தான் உட்கார வேண்டும். நேருக்கு நேர் மோதினால் கழுத்து தனியாக இழுபடாமல் முதுகு முழுக்க அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும்.

சீட்டைக் காரில் உள்ள கம்பியோடு நேரடியாகப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி 'க்ளிக்' என்று விழுந்ததும் சின்ன ஜன்னல் பச்சையாகிறது. நிம்மதி! வாரை இறுக்கத்தான் கை வலிக்கிறது.

கையேட்டில் எனக்கு ஒரு வருத்தம். பெரிய விபத்துக்குப் பிறகு சீட்டை மாற்றச் சொல்கிறார்கள், சரி. மோதியவரின் காப்பீட்டில் அதற்கும் இழப்பீடு கேட்கலாம் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். சீட் இல்லாமல் குழந்தையை ஏற்றினால், தவறு அடுத்தவருடையது என்றாலும் பல நாடுகளில் பொறுப்பில் ஒரு பங்கு ஓட்டுநர் தலையில் விழலாம். இழப்பீடு கேட்க உதவும், சீட் வாங்கிய பில்லைப் பத்திரமாக வையுங்கள்.