முதியவர் முகம், 18-ஆம் நூற்றாண்டு: கேன்வாஸ் பிரதி வாங்கலாமா?

18-ஆம் நூற்றாண்டு ஓவியர்கள் தீட்டிய முதியவர் தலை ஸ்டடிகள் (தலையை மட்டும் தீட்டிய பயிற்சி ஓவியங்கள்) அச்சுப் பிரதியாக இரண்டு வகையில் விற்பனைக்கு வருகின்றன: மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய கேன்வாஸ், பிறகு தாள். அசலும் கேன்வாஸ்தானே என்று பலரும் முதலாவதை எடுத்துவிடுகிறார்கள். பிரெஞ்சு ஓவியர் ஃப்ராகொனார் போல வேகமாக, கனமாகத் தீட்டியவர்களின் தலைகளுக்குத் தாள்தான் சரி.

கேன்வாஸ் பிரதியைக் கெடுப்பது, தூரிகைத் தடம்போலத் தெரிவதற்காக அச்சின்மேல் பூசும் நிறமற்ற ஜெல். எண்ணெய் ஓவியத்தில் நெற்றி, மூக்குநுனி, தாடியில் ஒளிபடும் மயிர்களில் ஈய வெள்ளை (ஈயத்திலிருந்து செய்த வெள்ளை வண்ணம்) தடித்து நிற்கும். தாடைக்கடியில் நிழல் மெல்லிய பழுப்பாக, அடிப்பூச்சு தெரியும்படி ஓடும். ஜெல் இழுப்பவர் கைக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. எங்கும் ஒரே தடிமன். அச்சில் தூரிகைத் தடம் ஒரு பக்கம் போக, ஜெல் வரி இன்னொரு பக்கம் போகிறது. பக்கவாட்டு வெளிச்சம் பட்டால் அடங்கிக் கிடக்க வேண்டிய நிழலும் பளபளக்கும். இதற்குக் கூடுதல் விலை வேறு!

அடுத்தது வெட்டு. 4 செ.மீ. தடிச் சட்டத்தில் படத்தையே மடித்து ஒட்டினால், 45 செ.மீ. அகலத்தில் முன்னால் தெரிவது 37 தான். தலையே கேன்வாஸை நிறைக்கும் படத்தில் தாடியும் தோளும் விளிம்புக்குப் போய்விடும். ஓரத்தைத் தனியாக நீட்டித் தருகிறார்களா என்று ஆர்டருக்கு முன்பே கேட்க வேண்டும். வார்னிஷ் சரியாகப் பிடிக்காவிட்டால் மடிப்பில் மை வெடித்து வெள்ளைக் கோடு தெரியும்.

தாளில் இரண்டு வகை. மேட் (பளபளப்பில்லாத) பருத்தித் தாளில் தோல் நிறம் மென்மையாக வரும். ஆனால் ஆழ்ந்த நிழல் சாம்பல் பூத்துவிடும். இந்தப் படங்களில் பாதி நிழல் என்பதால் சதுர மீட்டருக்கு 300 கிராம் அளவிலான பேரைட்டா தாளே (பேரியம் சல்பேட் பூசிய, லேசாகப் பளபளக்கும் தாள்) மேல். ஒளிர்வூட்டி (தாளை வெளுப்பாகக் காட்டும் ரசாயனம்) சேர்த்த தாள் வேண்டாம்: ஈய வெள்ளையின் இளஞ்சூடு போய், நரைமயிர் நீலம் பாயும். புற ஊதா டார்ச் அடித்தால் அப்படிப்பட்ட தாள் பளிச்சென்று நீலமாக ஒளிரும். கண்ணாடி போடுவதாக இருந்தால் இடையில் அட்டை மவுன்ட் வைத்து 3 மி.மீ. இடைவெளி விட வேண்டும். இல்லையென்றால் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும்.

ஜெர்மன் ஓவியர் பால்தசார் டென்னர் (1685–1749) வரைந்த முகங்கள் மட்டும் விதிவிலக்கு. சுருக்கம், தோல் துளை எல்லாம் வழவழப்பான பூச்சிலேயே இருப்பதால் ஜெல் இல்லாத, நெருக்கமான நெசவுள்ள கேன்வாஸ் தாங்கும். அங்கே படக் கோப்புதான் முக்கியம். 45×55 செ.மீ. அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்றால் சுமார் 5,300×6,500 தேவை. பாதி இருந்தால் சுருக்கங்கள் மெழுகாகிவிடும். ஒரு மீட்டர் உயரத்துக்குப் பெரிதாக்கித் தருகிறோம் என்பார்கள். ஆள் முக அளவில் பார்க்கத் தீட்டியதை அப்படி ஊதினால் தூரிகைத் தடம் வெறும் திட்டாகத்தான் தெரியும்.